பூஜ்: ஒரு கும்பாபிஷேக மலரை ஒன்பது நாள் நிறுத்திவைத்த வேர்ச்சொல்

முத்தியால்பேட்டைப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். தை மாதம் கும்பாபிஷேகம். வழக்கம்போல ஒரு மலர் போடுவதென்று முடிவானது. 64 பக்கம்; அதில் பாதிக்கு மேல் நகைக்கடை, பாத்திரக்கடை, ஸ்வீட் ஸ்டால் விளம்பரங்கள். மிச்சத்தில் தல வரலாறு, நன்கொடையாளர் பட்டியல், நான்கைந்து கட்டுரைகள். மெய்ப்புப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. புதுச்சேரியில் இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகையில் இருந்து ஆய்வேடு வரை எது அச்சுக்குப் போனாலும் ஒற்று விழுந்திருக்கிறதா, பெயர் சரியா என்று பார்த்துத் தருவேன். சொல்லாராய்ச்சி என் துறை இல்லை. இந்த மலரில் அதைச் செய்யவேண்டி வந்தது.

சிக்கல் 9-ஆம் பக்கத்துக்கும் 23-ஆம் பக்கத்துக்கும் நடுவில் இருந்தது. 9-ஆம் பக்கக் கட்டுரையை எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பண்ருட்டிப் பக்கத்துக்காரர். ‘பூ செய் என்பதே பூசெய் ஆகி, பூசை ஆயிற்று. அதை வடவர் பூஜா என்று எடுத்துக்கொண்டனர்’ என்பது அவர் வரி. 23-ஆம் பக்கம் கோயில் குருக்கள் எழுதியது. ‘பூ என்பது வினைகள் பூர்த்தியாதல், ஜா என்பது ஞானம் ஜனித்தல். இரண்டும் சேர்ந்ததே பூஜா. பூஜ் என்ற ஸம்ஸ்கிருத தாதுவிலிருந்து வந்தது’ என்று அதில் இருந்தது.

ஒரே மலர், ஒரே சொல், இரண்டு பிறப்புச் சான்றிதழ். நான் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். அதுதான் நான் செய்த தவறு. திருவிழாக் கமிட்டிச் செயலாளர் அந்தக் கேள்விக்குறியைப் படம் எடுத்து இருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் ஆசிரியர் “என் வரியைத் தொட்டா கட்டுரையையே எடுத்துடுங்க” என்றார். குருக்கள் கோபப்படவில்லை, “சாஸ்திரத்துல இருக்கிறதைத்தான் எழுதியிருக்கேன்” என்று மட்டும் சொன்னார். பிரஸ்ஸில் முதல் பாரத்துக்குப் பிளேட் போடாமல் நிறுத்திவைத்தார்கள். செயலாளர் என்னிடம், “நீங்க கிளப்பினது சார், நீங்களே முடிச்சுக் குடுங்க” என்று சொல்லிவிட்டு வசூலுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஒன்பது நாளில் நான் பார்த்தது, கேட்டது, கடைசியில் அச்சானது ஆகியவற்றின் பதிவு இது.

குருக்கள் வீட்டுத் திண்ணையில்

முதலில் குருக்களைப் பார்க்கப் போனேன். அந்தி பூஜைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

“சாமி, தாது தாதுன்னு எழுதியிருக்கீங்களே, அது எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“தாதுபாடத்துல” என்றவர், கண்ணை மூடிக்கொண்டு ராகமாகச் சொன்னார்: “பூஜ பூஜாயாம்.”

தாதுபாடம் என்பது ஸம்ஸ்கிருத வினைவேர்களின் பட்டியல். பாணினியின் இலக்கணத்தோடு சேர்ந்து வருவது. சுமார் 2000 வேர்கள், பத்துக் கணங்களாகப் பிரித்திருக்கும். ஒவ்வொரு வேருக்கும் பக்கத்தில் ஒரே சொல்லில் பொருள். ‘பூஜ பூஜாயாம்’ என்றால் ‘பூஜ் என்ற வேர், பூஜை என்ற பொருளில்’. கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘தோசை என்றால் என்ன?’ என்று கேட்டவனுக்கு ‘தோசைதான்’ என்று பதில் சொன்ன மாதிரி. குருக்களும் சிரித்தார். “அர்த்தம் எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லுன்னு அர்த்தம்” என்றார். அதுவும் சரிதான். பட்டியல் போட்டவருக்கு இது விளக்கம் தேவைப்படாத அன்றாடச் சொல்லாக இருந்திருக்கிறது. ஆனால் வேரிலிருந்து பூஜை வந்ததா, பூஜையைப் பார்த்து வேரை எடுத்தார்களா என்ற கேள்விக்கு இந்த வரி உதவாது.

இன்னொன்று. பூஜ் இருப்பது பத்தாம் கணத்தில், சுர் என்ற வேரில் தொடங்குவதால் சுராதி என்று பெயர் பெற்ற கணம் அது. அதில் சேர்ந்த வேர்களுக்கு ‘அய’ ஒட்டும்: பூஜயதி, ‘பூஜிக்கிறான்’. பெயர்ச்சொல்லிலிருந்து உண்டாக்கிய வினைகளும், வேறெங்கும் இடம் கிடைக்காத வினைகளும் வந்து தங்குகிற கணம் இது. ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கும் தெரு என்று வைத்துக்கொள்ளலாம். தாதுபாடத்தில் இருப்பதெல்லாம் உண்மையான வேரும் இல்லை. அமெரிக்க அறிஞர் வில்லியம் டுவைட் விட்னி 19-ஆம் நூற்றாண்டில் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, வழக்கில் உறுதியாகத் தென்பட்டவை 800-க்கும் 900-க்கும் இடைப்பட்டவையே. பூஜ் அந்த உறுதியானவற்றில் ஒன்று. வழக்கில் இருந்த வினைதான், சந்தேகமில்லை. எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கு.

“அப்போ பூர்த்தி, ஞானம்னு எழுதினது?” என்றேன்.

அதற்கு அவர் ஒளிவு மறைவில்லாமல் பதில் சொன்னார். அது தந்திர, ஆகம மரபில் சொல்வது. எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தியானத்துக்காகச் சொல்கிற பொருள். குலார்ணவ தந்திரம் இதே சொல்லை வேறு மாதிரிப் பிரிக்கும்: பூர்வ ஜன்மத்தை அடக்குவதால், பிறப்பு இறப்பைத் தடுப்பதால், சம்பூர்ண பலன் தருவதால் பூஜா. நம் ஊரில் ‘குரு’வை ‘கு என்றால் இருட்டு, ரு என்றால் நீக்குவது’ என்று சொல்வோமே, அதே வகை. நிர்வசனம் என்று அதற்குப் பெயர். ஒரே சொல்லுக்கு ஐந்து நிர்வசனம் இருந்தாலும் மரபு அதைக் குறையாக நினைக்காது. ஆனால் அதைத் தாதுவோடு சேர்த்து ஒரே வரியில் எழுதினால் படிக்கிறவர் குழம்புவார். தாது என்றால் ‘பூஜ்’ முழுதும் ஒரே வேர். பூ தனி, ஜா தனி என்று பிரிக்க இடமே இல்லை. “சரி, அந்த ரெண்டு வரியைப் பிரிச்சுப் போட்டுடுங்க” என்று அவரே சொன்னார். பாதி வழக்கு அங்கேயே முடிந்தது.

கிளம்பும்போது வாசல்வரை வந்து இன்னொன்று சொன்னார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அதுதான் கை கொடுத்தது. பாணினி மூன்றாம் அத்தியாயம், மூன்றாம் பாதம், 105-ஆம் சூத்திரம்: சிந்தி, பூஜி, கதி, கும்பி, சர்ச். இந்த ஐந்து வேர்களிலிருந்து சிந்தா, பூஜா, கதா, கும்பா, சர்ச்சா என்று பெயர்ச்சொல் ஆகும் என்பது விதி. அதில் கும்பா மட்டும் தமிழுக்கு வரவில்லை. சிந்தை, பூஜை, கதை, சர்ச்சை நான்கும் நம் வீட்டுச் சொற்கள். “நாம இப்ப பண்றது அஞ்சாவது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சொந்தக்காரர் இல்லாத சொல்

ஒரு ஸம்ஸ்கிருத வேர் பழையதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஈரான், கிரேக்கம், லத்தீன் பக்கம் அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று தேடுவது. இந்தத் தேடலை ஒழுங்காகச் செய்த ஆரம்பகால ஆட்களில் ஒருவர் நம் ஊரில் இருந்தவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. கஸ்தோன் லொரான் கேர்து என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் 1767-இல் ஸம்ஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பட்டியல் போட்டுப் பாரிஸ் அகாதமிக்கு எழுதி அனுப்பினார். தானம் என்பதற்கு லத்தீனில் தோனும், விதவைக்கு விதுவா என்று போகும் பட்டியல் அது. அகாதமி அதை அச்சிட்டது 1808-இல். அதற்குள் 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் இதே உறவைப் பற்றிப் பேசிய பேச்சு உலகம் சுற்றிவிட்டது. கேர்து 1779-இலேயே புதுச்சேரியில் காலமாகிவிட்டார். பெயர் ஜோன்ஸுக்குப் போனது.

அந்த முறையை முதலில் வழிபாட்டுக்கான பழைய வேரான ‘யஜ்’ மீது போட்டுப் பார்த்தேன். யக்ஞம், யாகம், யஜமானன் எல்லாம் அதிலிருந்து வந்தவை. யாகத்துக்குச் செலவு செய்கிறவன் யஜமானன். அவன்தான் தேய்ந்து தேய்ந்து நம் ‘எஜமான்’ ஆனான், இன்றைக்கு நாய்க்குக்கூட எஜமான் உண்டு. யஜ்ஜுக்குச் சொந்தக்காரர்கள் ஏராளம். பார்சிகளின் வேதமொழியில் யஸ், அவர்கள் வழிபாடு யஸ்னா. பாரசீகத்தில் விழாவைக் குறிக்கும் ஜஷ்ன் அதன் வாரிசு. கிரேக்கத்தில் புனிதம் என்ற பொருளில் வரும் ஹாகியோஸும் அதே குடும்பம். ஹாகியா சோபியா என்ற பெயரில் முதல் பாதி அதுதான்.

பூஜ் மீது போட்டுப் பார்த்தால் மேற்கே யாரும் கதவைத் திறக்கவில்லை. ஒன்றிரண்டு பேர் முயன்றிருக்கிறார்கள், எல்லோரும் ஒப்புக்கொண்ட உறவு எதுவும் இல்லை. ரிக்வேதத்தில் துதிக்க, வணங்க, வேள்வி செய்ய ஸ்து, நம், வந்த், அர்ச், யஜ் என்று வேர்கள் கொட்டிக் கிடக்கின்றன. பூஜ் ஒரே ஓர் இடத்தில்தான் எட்டிப் பார்க்கிறது: எட்டாம் மண்டலம், 17-ஆம் பாடல், 12-ஆம் மந்திரம், இந்திரனை அழைக்கும் ‘சாசிபூஜன’ என்ற தொகைச் சொல்லுக்குள். அந்தத் தொகையின் பொருளே தகராறில் இருக்கிறது. அப்புறம் நெடுநாள் சத்தமில்லை. பாணினி காலத்தில், அதாவது கி.மு. 5 அல்லது 4-ஆம் நூற்றாண்டில், விதி எழுதும் அளவுக்குப் பழகிப்போன சொல்லாக வந்து நிற்கிறது. இதனால்தான் இது வெளியிலிருந்து வந்த சொல்லோ என்று நூறு வருடமாகச் சந்தேகப்படுகிறார்கள். ஆசிரியருடைய ‘பூ செய்’ அந்தச் சந்தேகத்தில் பிறந்ததுதான். அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை, நாட்டுப் பற்றில் அடித்துவிட்டதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் காலின்ஸ் சொன்னது. வங்காளத்து மொழியறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜி அதை எடுத்துப் பரப்பினார்: வேள்வி பசுகர்மம், பூஜை புஷ்பகர்மம் என்று அழகாக எதிர் எதிரே நிறுத்தினார். அந்த அழகில்தான் அது நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஒற்று எங்கே?

நான்காம் நாள் ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். கடலூர் வழியாக ஒன்றரை மணி நேர பஸ். போகும்போதே எனக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. மெய்ப்புக்காரனுக்கு வரக்கூடிய கேள்வி.

“ஐயா, பூ ஓரெழுத்து ஒருமொழி. பின்னால வல்லினம் வந்தா மிகும். பூ கூட செடி சேர்ந்தா பூச்செடி. அப்போ பூ கூட செய் சேர்ந்தா பூச்செய்தானே வரணும்?”

இது வெறும் எழுத்துப் பிழைப் பிரச்சினை இல்லை. ‘பூசை’ என்பதில் உள்ள ஒற்றைச் ச இரண்டு உயிருக்கு நடுவில் மென்மையாக ஒலிக்கும். ‘பச்சை’, ‘பூச்செடி’ இவற்றில் இரட்டித்த ச்ச அழுத்தமாக ஒலிக்கும். வடக்கே இருப்பவன் காதில் ‘பூச்செய்’ விழுந்திருந்தால் அவன் அதை ச என்று எழுதியிருப்பான். ஜ என்று எழுத அவனுக்குக் காரணமே இல்லை.

ஆசிரியர் தயாராக இருந்தார். “தம்பி, நீர் குடித்தான்னு எழுதுவியா, நீர்க் குடித்தான்னு எழுதுவியா? இரண்டாம் வேற்றுமைத் தொகை. வல்லினம் மிகாது. பூவைச் செய்தான், பூ செய்தான். எங்க வருது உன் ஒற்று?”

பதில் சரியாகத்தான் இருந்தது. ஓரெழுத்து ஒருமொழி விதி ஒரு பக்கம் இழுக்கிறது, வேற்றுமைத் தொகை விதி மறுபக்கம் இழுக்கிறது. வினை வந்தால் மிகாது என்று அவர் உறுதியாக நின்றார். நான் அந்தச் சுற்றில் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வியைக் காபி வந்த பிறகு கேட்டேன். நம் ‘செய்’ ஆதியிலேயே ‘செய்’ இல்லை. இகர எகரத்துக்கு முன்னால் பழைய க தமிழில் ச ஆகிவிட்டது; கன்னடத்தில் க அப்படியே நின்றது. நாம் செவி என்பதை அவர்கள் கிவி என்கிறார்கள். நம் சேரி அங்கே கேரி. நம் செய் அங்கே கெய். ஆகவே மூலத் திராவிடத்தில் ‘செய்’யின் தலையில் இருந்தது க. அந்தப் பழைய காலத்தில் சொல் வடக்கே போயிருந்தால் ‘பூகெய்’ என்று போயிருக்கும். ஸம்ஸ்கிருதத்தில் ‘பூஜ்’ இருக்காது, ‘பூக்’ மாதிரி ஏதாவது இருந்திருக்கும்.

ஆசிரியர் காபியை ஆற்றிக்கொண்டே சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், “க, ச ஆனதுக்கு அப்புறம் போயிருக்கலாமில்ல?” என்றார்.

போயிருக்கலாம். ஆனால் அப்போது கணக்கு இறுகுகிறது. பாணினியின் ஊர் சலாதுரம். சிந்து நதிக்கரையை ஒட்டி, இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில் இருந்தது. தெற்கே க ச-வாக மாறி முடிந்து, அந்தச் சொல் அங்கேவரை நடந்துபோய், வேராகப் பிரிக்கும் அளவுக்குப் பழகி, அவர் சூத்திரத்தில் ஏறவேண்டும். முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். வழி மிகவும் குறுகல்.

அவர் தேவாரத்தை எடுத்தார். அப்பர் அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்துக்காரர். திருவதிகையில் பாடியது, ‘சலம்பூவொடு தூபம் மறந்தறியேன்’. நீர், பூ, புகை. “தமிழன் சாமி கும்பிட்டதே பூவால, இதைவிட என்ன வேணும்?” வழிபாட்டில் பூவுக்கு உள்ள இடத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அப்பர் 7-ஆம் நூற்றாண்டு. பாணினிக்கு ஏறத்தாழ ஆயிரம் வருடம் பின்னால். அதைவிட முக்கியம், பழந்தமிழில் மலர் தூவுகிறார்கள், சாத்துகிறார்கள், பூவும் புகையும் பொங்கலும் சொரிகிறார்கள். ‘பூ செய்தார்கள்’ என்று வழிபாட்டுக்கு ஓர் இடத்தையும் நான் பார்த்ததில்லை, அவரும் காட்டவில்லை. திருக்குறள் 18-இல் ‘சிறப்பொடு பூசனை செல்லாது’ என்று வருகிறதே, அந்தப் பூசனை வடமொழி பூஜனத்தின் தமிழ் உடை. வீட்டில் பிறந்த சொல் என்றால் வீட்டில் ஒரு பழைய படமாவது இருக்கவேண்டும்.

எழுத்து ஒத்துப்போவதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அவரே ஒரு உதாரணம் சொல்லிச் சிரித்தார். கம்பன் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன ‘பூசை’ வருகிறது. அது பூனை. மலையாளத்தில் இன்றும் பூச்ச. “அதையும் பூ செய்னு பிரிக்கவா?” என்றார். அந்த நிமிடம் எங்கள் சண்டை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை, ஆனால் சூடு குறைந்தது.

சந்தனக் கிண்ணம்

திராவிட வழியில் இன்னொரு சாட்சி இருக்கிறது, அதை ஆசிரியர் எழுதவே இல்லை. ஸ்வீடன் அறிஞர் யார்ல் ஷார்பென்டியர் 1927-இல் இந்தியன் ஆன்டிக்வரி இதழில் எழுதியது: பூஜ் என்பது ‘பூசு’. சந்தனம் பூசு, மஞ்சள் பூசு, திருநீறு பூசு என்கிறோமே, அந்தப் பூசு. ஐயனார் கோயில் செங்கல்லுக்கும், வேப்பமரத்தடிக் கல்லுக்கும் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் பூசுவதுதான் ஆதி வழிபாடு என்பது அவர் வாதம்.

ஒலியில் இதற்கு ஒரு தடையும் இல்லை. ஒற்று மிகுமா என்ற தகராறு கிடையாது, ஏனென்றால் இது ஒரே சொல். க-ச மாற்றத் தகராறும் கிடையாது. கன்னடத்திலும் அது பூசுதான், அங்கே ‘பூகு’ இல்லை. நடுவில் ஒற்றைச் ச, மென்மையான ஒலி, அதை ஜ என்று கேட்பது இயல்பு. வினையாக வந்த சொல் வினைவேராகப் பத்தாம் கணத்தில் குடியேறியது என்றால் கதை சிக்கலில்லாமல் நிற்கிறது.

பொருளில்தான் இடிக்கிறது. பூஜ் என்பதன் பழைய பயன்பாடுகளைப் பார்த்தால் அங்கே சிலையே இல்லை, பூசுவதும் இல்லை. நேரடியாகக் காலம் சொல்லக்கூடிய பழைய சாட்சி அசோகன் கல்வெட்டு, கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. 12-ஆம் பாறைக் கட்டளையில் அரசன் எல்லாச் சமயத்தாரையும், துறவியரையும் இல்லறத்தாரையும், தானத்தாலும் பலவிதப் பூஜையாலும் பூஜிப்பதாகச் சொல்கிறான். கற்பூரம் காட்டினான் என்று பொருள் இல்லை. மதித்தான், மரியாதை செய்தான். மனுஸ்மிருதியில் உணவைத் தினமும் ‘பூஜி’ என்று வருகிறது, வீட்டுப் பெண்களைப் ‘பூஜி’ என்று வருகிறது. கோயிலும் ஆகமமும் வளர்ந்த பிறகே சொல் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. பூஜை என்றாலே மணியும் தீபமும் என்று நாம் இன்று நினைப்பது அந்த ஆகமக் காலத்துப் பொருள். அந்த ஆகமங்களைப் படிக்க நம் ஊரை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை. அன்றாட பூஜையைப் படிப்படியாகச் சொல்லும் சோமசம்பு பத்ததியை பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு நான்கு தொகுதியாக 1963 முதல் 1998 வரை வெளியிட்டதும் அங்கேதான். அதில் இருப்பது வளர்ந்து முடிந்த பூஜை. நாங்கள் தேடியது அதன் குழந்தைப் பருவம்.

இந்தப் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு 1939-இல் ஜெர்மன் அறிஞர் பால் தீமெ வேறு வழியில் போனார். விருந்தினருக்குத் தயிரும் தேனும் கலந்து தரும் மதுபர்க்கம்தான் ஆதி பூஜை. ‘பர்க்கம்’ என்பதில் உள்ள பிருச், கலத்தல் என்ற வேர், பேச்சு வழக்கில் மருவிப் பூஜ் ஆனது என்றார். பிரு என்பது பு ஆவது பாலி மொழியில் சாதாரணம். பிருச்சதி, ‘கேட்கிறான்’, அங்கே புச்சதி. பொருள் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ச எப்படி ஜ ஆனது, உகரம் ஏன் நீண்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டுக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இரண்டையும் மனதில் போட்டுக்கொண்டிருந்த வாரத்தில் லாஸ்பேட்டையில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் மேசை. வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு. ஒரு பெண் சந்தனத்தை என் கைமேல் தடவிவிட்டு “வாங்க அங்கிள்” என்றாள். விருந்தினருக்கு மரியாதை, பூசுவது மூலம். ஷார்பென்டியரையும் தீமெயையும் ஒரே மேசையில் உட்காரவைத்த மாதிரி இருந்தது. இது ஆதாரம் ஆகாது. இன்றைய மண்டபத்தை வைத்து இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய சொல்லைத் தீர்ப்பது நியாயமில்லை. ஆனால் ‘பூசு’ என்பதிலிருந்து ‘மரியாதை செய்’ என்பதற்குப் போக வழியே இல்லை என்று அதுவரை நினைத்திருந்ததை அங்கேயே விட்டுவிட்டேன். என்னைக் கேட்டால் இப்போதைக்குப் பூசு முன்னால் நிற்கிறது, மதுபர்க்கம் இரண்டாவது, பூ செய் கடைசி. தமிழ் மூலம் என்று வாதாட விரும்புகிறவர்கள் கைவசம் இருக்கும் பலமான சாட்சியை விட்டுவிட்டுப் பலவீனமானதைக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கட்டம் கட்டிய ஏழு வரி

ஒன்பதாம் நாள் மாலை கோயில் அலுவலக அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். நான் எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். குருக்கள் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். ஆசிரியர் மூன்று சொல்லை. செயலாளருக்கு ஒரே நிபந்தனை: விளம்பரப் பக்கம் நகரக்கூடாது. கடைசியில் 9-ஆம் பக்கத்தில் கட்டம் கட்டி இப்படிப் போட்டோம்:

‘பூஜை என்ற சொல் பூஜ் என்ற ஸம்ஸ்கிருத வினைவேரிலிருந்து வந்தது. பாணினி இதைக் குறிப்பிடுகிறார். முதலில் இதற்கு மரியாதை செய்தல் என்று பொருள். அசோகன் கல்வெட்டிலும் அப்படியே வருகிறது. இந்த வேர் ஸம்ஸ்கிருதத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்ப் பூசு என்பதிலிருந்து வந்தது என்று சிலரும், பூ, செய் என்ற இரு சொற்களிலிருந்து வந்தது என்று சிலரும், கலத்தல் எனப் பொருள்படும் பிருச் என்ற வேரிலிருந்து வந்தது என்று சிலரும் கூறுவர். பூர்த்தி, ஞானம் என்பது தியான மரபில் சொல்லும் பொருள்.’

ஆசிரியர் தன் கட்டுரையில் ‘எடுத்துக்கொண்டனர்’ என்பதை ‘எடுத்துக்கொண்டிருக்கலாம்’ என்று தன் கையாலேயே திருத்தினார். பச்சை மை. ‘பூ செய்’யை எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. அன்று இரவே பிளேட் போனது.

கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்தது. மலர் ஆயிரம் பிரதி, அன்னதானப் பந்தலிலேயே தீர்ந்தது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஆசிரியரிடமிருந்து போன்.

“தம்பி, முப்பத்தொண்ணாம் பக்கம் எடு. நந்தவனம் போட்டோவுக்குக் கீழ என்ன போட்டிருக்க?”

எடுத்துப் பார்த்தேன். “பூ பறிக்கும் சிறுமியர்னு இருக்கு ஐயா.”

“ப் எங்கப்பா?”